ஹோல்ட் என்றால் என்ன? வளர்ந்த பிறகு ஆங்கிலம் வாசிக்கப் பழகுவது பற்றி ஒரு நீண்ட இழை

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைப் படிச்சு முடிச்சிட்டு "இப்ப என்ன படிச்சோம்?"னு முழிக்கிற எல்லாருக்குமானது இது. குறிப்பா தமிழ் மீடியத்துல படிச்சு, வேலைக்கு வந்து, கல்யாணம் குழந்தைன்னு ஆன பிறகு ஏதோ ஒரு தேர்வுக்காக மறுபடி இங்கிலீஷைத் தொட்டிருக்கிறவங்களுக்கு.

நான் வேலை பார்க்கிறது ஒரு தாலுகா அரசு மருத்துவமனை. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு நைட் டூட்டி. ராத்திரி ரெண்டு மணி. பாம்பு கடிச்சதா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. ரத்தம் உறையுதான்னு பார்க்க, கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வெச்சோம். அதுவரைக்கும் அவரைக் கண்காணிக்கிறதைத் தவிர பெருசா வேலை இல்ல.

அப்போ டூட்டி சிஸ்டர் நாலா மடிச்ச ஒரு தாளை நீட்டினாங்க.

"சார், இதுல எல்லா வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். ஆனா விடை தப்புன்னு வருது. ஏன்னு மட்டும் சொல்லுங்க சார்."

அது ஓஇடி தேர்வோட மாதிரித் தாள். வெளிநாட்டுல வேலைக்குப் போற நர்ஸ், டாக்டர் உட்பட 12 மருத்துவத் தொழில்ல இருக்கிறவங்க எழுதற ஆங்கிலத் தேர்வு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல்னு நாலு பகுதி. ஒவ்வொண்ணுக்கும் 500 மதிப்பெண். பிரிட்டன்ல நர்ஸா பதிவு பண்ண எழுதறதுல 300, மத்த மூணுலயும் 350 வேணும்.

சிஸ்டருக்கு 38 வயசு. ஒப்பந்தப் பணி. ரெண்டு பிள்ளைங்க. ஏற்கனவே ரெண்டு தடவை எழுதிட்டாங்க. வாசித்தல்ல முதல் தடவை 310, அடுத்த தடவை 320. ஒவ்வொரு தடவையும் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல கட்டணம்.

தாள்ல இருந்தது ஒரு வார்டு அறிவிப்பு. அஞ்சு வரி. ஆபரேஷன் காயத்து மேல போட்ட கட்டை 48 மணி நேரம் தொடக்கூடாது, நனைஞ்சு ஊறினாலோ கசிஞ்சாலோ தவிர. இதுதான் விஷயம். இதோட சாரம் என்னன்னு கேள்வி. சிஸ்டர் தேர்ந்தெடுத்த விடை, "48 மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டை மாத்தணும்."

"சிஸ்டர், தாளைக் கவுத்து வெச்சிட்டு, என்ன சொல்லியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க."

"48 மணி நேரம் ஆனதும் கட்டு மாத்தணும் சார்."

"அன்லெஸ்னு ஒரு வார்த்தை இருந்துச்சே?"

"அது... இல்லாட்டின்னு அர்த்தம்."

"அதைச் சேர்த்து முழு வாக்கியத்தையும் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "பதினாலு வருஷ சர்வீஸ் சார். தினம் கட்டு மாத்தறேன். இது தெரியாம நிக்கறேன் பாருங்க. அவமானமா இருக்கு."

அப்பதான் யார்கிட்டயும் சொல்லாத ஒரு கதையை அவங்ககிட்ட சொன்னேன். இப்ப உங்ககிட்டயும்.

நான் அரசுப் பள்ளி. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். 2008ல, நுழைவுத்தேர்வு இல்லாம பிளஸ் டூ மார்க்கை வெச்சே சீட் கொடுத்த காலத்துல எம்பிபிஎஸ் சேர்ந்தேன். உதரவிதானம் தெரியும், டயஃப்ரம் தெரியாது. கணையம் தெரியும், பேன்கிரியாஸ் தெரியாது.

அது கூடப் பரவாயில்ல. பெயர்ச்சொல்லை ஒரு மாசத்துல பிடிச்சிடலாம். உடலியங்கியலுக்கு கைட்டன் புத்தகத்துல ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஓரத்துல பென்சிலால தமிழ் அர்த்தம் எழுதி எழுதி, பக்கமே கறுப்பா இருக்கும். படிச்சு முடிச்சா எதுவும் நிக்காது.

அதனால நான் கண்டுபிடிச்ச வழி மனப்பாடம். சீனியர் நோட்ஸ், பழைய கேள்வித்தாள், தலைப்பு, அதுக்கு கீழ அஞ்சு பாயிண்ட். எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணேன். ஒரு பத்தியை வாசிச்சுப் புரிஞ்சுக்காமலே நாலரை வருஷம் ஓட்டிட்டேன்.

2013. ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. மெடிசின் வார்டு. அறுபது வயசு தாண்டிய ஒரு பெரியவர். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் மாத்திரை சாப்பிடறவர். வயித்துப்போக்கு வந்து உடம்புல நீர் வத்திப்போய் அட்மிட் ஆகியிருந்தார். பிரஷர் குறைஞ்சிருந்தது, கிரியேட்டினின் ஏறியிருந்தது.

காலையில ரவுண்ட்ஸ் முடிச்ச சீஃப் கேஸ் ஷீட்ல எழுதியிருந்தார், "ஹோல்ட் எனாலாப்ரில்".

எனக்குத் தெரிஞ்ச ஹோல்டுக்கு ஒரே அர்த்தம்தான். பிடி. விடாம பிடிச்சுக்கோ. அப்போ மாத்திரையை விடாம கொடுக்கச் சொல்றார். சாயங்கால டோஸை மருந்து சார்ட்ல ஏத்திட்டேன்.

வார்டுல இருந்த மூத்த சிஸ்டர் சார்ட்டை எடுத்துட்டு வந்தாங்க.

"தம்பி, சீஃப் நிறுத்தச் சொல்லியிருக்கார். நீங்க கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. அவருக்கு பிபி இப்ப 90."

"இல்லக்கா, ஹோல்டுன்னுதான போட்டிருக்கார்? தொடர்ந்து கொடுக்கணும்னுதான அர்த்தம்?"

அவங்க சிரிக்கல. அக்கம்பக்கம் பார்த்துட்டு, குரலை இறக்கி, "மருந்துக்கு ஹோல்டுன்னா இப்போதைக்கு நிறுத்தி வைன்னு அர்த்தம் தம்பி. புரியலைன்னா கேளுங்க. கேட்டா யாரும் அடிக்க மாட்டாங்க"ன்னாங்க. சார்ட்டைத் திருத்தச் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

நீர் வத்திப்போன, பிரஷர் இறங்கின ஒருத்தருக்கு அந்த மாத்திரை போயிருந்தா பிரஷர் இன்னும் இறங்கும், ஏற்கனவே திணறிட்டிருக்கிற கிட்னி இன்னும் கெடும். இது எனக்கும் தெரியும். பார்மகாலஜியில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆனா சீஃப் எழுதினதுக்கும் எனக்குத் தெரிஞ்சதுக்கும் முரண்பாடு வந்தப்போ, "சார், இது புரியல"ன்னு கேட்க வாய் வரல. கேட்டா தமிழ் மீடியம்னு தெரிஞ்சிடுமேங்கிற பயம். அந்த வார்த்தை தெரியாததை விட எனக்கு இன்னிக்கும் உறுத்தறது அந்த பயம்தான்.

அந்தப் பெரியவர் நாலு நாள்ல நல்லபடியா வீட்டுக்குப் போனார். ஒருத்தர் சார்ட்டை ஒழுங்கா வாசிச்சதால.

அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணேன், இங்கிலீஷ் வாசிக்கக் கத்துக்கணும்னு. எல்லாரும் சொல்ற அறிவுரைதான் எனக்கும் கிடைச்சது. "தினமும் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படி, தெரியாத வார்த்தையை நோட்டுல எழுது." ஆறு மாசம் செஞ்சேன். நோட்டு நிறைய வார்த்தை. தலையங்கம் மட்டும் புரியல. அப்புறம் பிஜி நுழைவுத்தேர்வு ரெண்டு தடவை எழுதினேன். "இவற்றுள் எது தவிர"ன்னு கேட்கிற கேள்வியில தெரிஞ்ச விடையையே தப்பா குறிச்சுட்டு வந்தேன்.

ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சது, பிரச்சினை பெரிய வார்த்தையில இல்ல. நாலு இடத்துல இருக்கு. சிஸ்டர்கிட்ட சொன்னதை அப்படியே இங்கேயும் சொல்றேன்.

ஒண்ணு. சின்ன வார்த்தைகள்.

அன்லெஸ், அன்டில், ஆல்தோ, எக்செப்ட், ராதர் தேன், நோ லாங்கர். ஒரு வாக்கியத்தோட திசையையே திருப்பற ஸ்டியரிங் இதுங்கதான். ஆனா நம்ம கண்ணு நிக்கறது எங்க? நம்பர்ல, மருந்துப் பேர்ல, நீளமான சொல்லுல.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு. படிக்கும்போது கண் வழுக்கிட்டுப் போறதில்ல, தத்தித் தத்திப் போகுது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. குட்டி வார்த்தைகளை நிக்காம தாண்டிடறது எல்லாருக்கும் இயல்பு. மொழி பழகினவங்களுக்குத் தாண்டினாலும் அர்த்தம் பிடிபடும். நமக்கு விட்டுப்போகும். அதனால பென்சிலால இந்த வார்த்தைகளை மட்டும் வட்டம் போடுங்கன்னு சிஸ்டர்கிட்ட சொன்னேன். வேற எதையும் அடிக்கோடிட வேண்டாம்.

ரெண்டு. வாக்கியத்தோட கட்டுமானம்.

தமிழ்ல "நேத்து காய்ச்சலோட அட்மிட் ஆன பேஷண்ட்"னு விவரம் எல்லாம் முன்னாடி வந்துடும், ஆள் கடைசியில வருவார். வினை அதுக்கும் கடைசியில. ஆங்கிலத்துல தலைகீழ். முதல்ல பேஷண்ட், அப்புறம் அவரைப் பத்தின வால். "தி பேஷண்ட் ஹூ வாஸ் அட்மிட்டட் யெஸ்டர்டே வித் ஃபீவர் ஹேஸ் பீன் ஷிஃப்டட்." இதுல செய்தி என்ன? பேஷண்ட்டை மாத்தியாச்சு. ஆனா நம்ம மனசு அட்மிட்டட்ல நின்னுடும், அதுதான் வினைன்னு நினைச்சுக்கும்.

நீளமான வாக்கியம் வந்தா ரெண்டு கேள்வி போதும். யார்? என்ன ஆச்சு? நடுவுல இருக்கிற வாலை விரலால மறைச்சுட்டுப் பாருங்க. முதல்ல எலும்புக்கூடு, அப்புறம் சதை.

மூணு. பள்ளிக்கூடப் பழக்கம்.

இங்கிலீஷ் பரீட்சையில ஒரு பத்தி கொடுத்து அஞ்சு கேள்வி கேட்பாங்களே, ஞாபகம் இருக்கா? நாம என்ன செஞ்சோம்? கேள்வியில இருக்கிற ஒரு வார்த்தையைப் பத்தியில தேடினோம். அது இருக்கிற வரியை அப்படியே எடுத்து எழுதினோம். முழு மார்க். பத்தி எதைப் பத்தினதுன்னே தெரியாம முழு மார்க்!

வளர்ந்தவங்களுக்கான தேர்வுகள்ல இந்தப் பழக்கம்தான் பொறி. பத்தியில இருக்கிற அதே வார்த்தைகளைத் தப்பான விடையில போட்டிருப்பாங்க. சரியான விடை வேற வார்த்தைகள்ல இருக்கும். சிஸ்டர் 48ஐப் பார்த்ததும் 48 இருக்கிற விடைக்குப் போனது இதனாலதான். தப்பு அவங்க மேல இல்ல. பத்து வருஷம் பள்ளிக்கூடத்துல அதுக்குத்தான் மார்க் போட்டாங்க.

நாலு. நம்ம அனுபவம்.

இது ஆஸ்பத்திரிக்காரங்களுக்கே உரிய வியாதி. கேள்வி, "இந்தப் பத்திப்படி என்ன செய்யணும்?" நாம எழுதறது, நம்ம வார்டுல என்ன செய்வோங்கிறதை. நாலு விடையில ஒண்ணு உலகத்துக்கு உண்மையா இருக்கும், ஆனா அந்தப் பத்தியில இருக்காது. ஒவ்வொரு விடைக்கும் எந்த வரியில ஆதாரம்னு விரல் வெச்சுக் காட்டணும். காட்ட முடியலைன்னா அது நம்ம விடை, பத்தியோட விடை இல்ல.

இந்த நாலையும் சொல்லி முடிக்கறதுக்குள்ள 20 நிமிஷம் ஆயிடுச்சு. குழாயைச் சாய்ச்சுப் பார்த்தோம். ரத்தம் நல்லா உறைஞ்சிருந்தது. அவருக்கு வேற விஷ அறிகுறியும் இல்ல. மறுநாள் வரைக்கும் கண்காணிப்புல வைக்க ஏற்பாடு பண்ணிட்டு வந்தோம். அன்னிலேர்ந்து எங்க பயிற்சிக்கும் 20 நிமிஷம்தான் கணக்கு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட இல்ல. டூட்டி முடிச்சு, சமைச்சு, பிள்ளைங்களைப் படிக்க வைக்கிற ஒருத்தர்கிட்ட தினம் ரெண்டு மணி நேரம் படிங்கன்னு சொல்றது அறிவுரை இல்ல, அநியாயம்.

20 நிமிஷத்துல என்ன செஞ்சாங்க?

முதல்ல, என்ன படிக்கிறதுன்னு. நியூசிலாந்துல பால் நேஷன்னு ஒரு மொழி ஆய்வாளர். யார் உதவியும் இல்லாம ஒரு எழுத்து புரியணும்னா, அதுல 98 சதவீத வார்த்தைகள் நமக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவரும் சக ஆய்வாளர்களும் சொல்றாங்க. அதாவது 50 வார்த்தைக்கு ஒண்ணு தெரியாம இருக்கலாம். அஞ்சாறு தெரியலைன்னா அது இப்போதைக்கு உங்களுக்கான பத்தி இல்ல. நான் ஆறு மாசம் தலையங்கத்தோட முட்டிக்கிட்டது ஏன் வீணாச்சுன்னு அப்பதான் விளங்குச்சு.

சிஸ்டர் ஆரம்பிச்சது உலக சுகாதார நிறுவனத்தோட நோய்த் தகவல் பக்கங்கள்ல. பிரிட்டனோட என்ஹெச்எஸ் தளத்துல நோயாளிகளுக்காக எழுதின பக்கங்கள்ல. எளிமையான ஆங்கிலம், தெரிஞ்ச விஷயம், காசும் இல்ல. மூணு வாரம் கழிச்சு, மருத்துவமே இல்லாத கட்டுரைகளுக்குப் போனாங்க. நாலாவது வியாதி இருக்கே, அதுக்கு மருந்து இதுதான். தெரியாத விஷயத்துல நம்ம அனுபவத்தை வெச்சு விடை சொல்ல முடியாது.

படிக்கிற முறை இவ்வளவுதான்.

பேனா இல்லாம ஒரு தடவை முழுசா படிக்கணும். தெரியாத வார்த்தைக்கு நிக்கக் கூடாது.

மூடி வெச்சிட்டு, மூணு வாக்கியத்துல தமிழ்ல வாய்விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள இல்ல, சத்தமா. புரிஞ்ச மாதிரி இருக்கிறதுக்கும் புரிஞ்சதுக்கும் வித்தியாசம் இங்கதான் தெரியும். "தமிழ்ல யோசிக்காதே, இங்கிலீஷ்லயே யோசி"ன்னு சொல்வாங்க. நல்லதுதான், ஒருநாள் தானா வரும். அதுவரைக்கும் புரிஞ்சுதான்னு சோதிக்கத் தாய்மொழியை விட நல்ல கருவி இல்ல.

திரும்பத் திறந்து, சொன்னது சரியான்னு பார்க்கணும். சின்ன வார்த்தைகளுக்கு வட்டம். அர்த்தத்தை மறிச்ச வார்த்தைக்கு மட்டும் அகராதி.

கடைசியா, தப்பு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் நேரா ஒரு எண். சின்ன வார்த்தையால தப்புன்னா 1, கட்டுமானம் புரியலைன்னா 2, வார்த்தை பொருத்தினதால தப்புன்னா 3, சொந்த அறிவால தப்புன்னா 4. சரியான விடை என்னன்னு எழுத வேண்டாம். ஏன் தப்புன்னு மட்டும்.

முதல் ரெண்டு வாரம் சிஸ்டர் நோட்டு பூரா 3. எனக்கு ஆச்சரியம் இல்ல. ஆறாவது வாரம் 3 குறைஞ்சு, 4 ஏறியிருந்தது. நோட்டைக் காட்டிச் சிரிச்சாங்க. "சார், இப்ப படிக்க ஆரம்பிச்சிட்டேன். ஆனா பத்திகூட சண்டை போடறேன்."

தேர்வு உத்தி அதுக்கப்புறம்தான். ஓஇடி வாசித்தல் மொத்தம் 60 நிமிஷம், 42 கேள்வி. பார்ட் ஏ மட்டும் தனி, 15 நிமிஷத்துல 20 கேள்வி. அதுல நாலு குட்டிப் பத்திகளையும் உட்கார்ந்து வாசிச்சா நேரம் போயிடும். எந்தப் பத்தியில எது இருக்குன்னு தலைப்பைப் பார்த்துத் தேடி எடுக்கற வேலை அது. பார்ட் பி, சி ரெண்டுக்கும் சேர்த்து 45 நிமிஷம். அங்க தேடற புத்தி உதவாது, வாசிக்கணும். சிஸ்டர் முந்தின ரெண்டு தடவையும் பார்ட் சி-யைத் தேடித்தான் எழுதியிருக்காங்க.

ஒரு விஷயம் பயிற்சி பெற்றோர், ஆசிரியர்களுக்கு. 2020ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, என்னை மாதிரி நிறைய பிள்ளைங்க மருத்துவக் கல்லூரிக்குள்ள வர்றாங்க. அவங்களுக்கு மெடிக்கல் டெர்ம்ஸ் பட்டியல் கொடுத்தா பத்தாது. ஒரு பக்கத்தை எப்படி வாசிக்கிறதுன்னு முதல் மாசத்துல யாராவது பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க. "இது கூடத் தெரியாதா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டீங்கன்னா, அந்தப் பிள்ளை அடுத்த அஞ்சு வருஷத்துக்கு உங்ககிட்ட எதுவும் கேட்காது. நான் கேட்கல.

போன வாரம் சிஸ்டருக்கு ரிசல்ட் வந்துச்சு. வாசித்தல் 340.

இன்னும் பத்து. ரிசல்ட்டைக் கேட்டதும் எனக்குத்தான் தொண்டை அடைச்சது. என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன்.

அவங்களே பேசினாங்க. "பார்ட் சி-ல ஒரு கட்டுரை சார். எழுதினவர் கருத்து எது, அவர் மறுக்கிற ஆளோட கருத்து எதுன்னு குழப்பிக்கிட்டேன். வெளிய வந்து பஸ்ல உட்காரும்போதே தெரிஞ்சிடுச்சு. நம்ம நோட்டுல அதுக்கு நம்பர் இல்ல சார். அஞ்சுன்னு ஒண்ணு சேர்த்துக்கலாம்."

முந்தின ரெண்டு தடவையும் அவங்க சொன்னது, "எனக்கு இங்கிலீஷ் வராது சார்." இந்தத் தடவை எந்த இடத்துல சறுக்கினோம்னு அவங்களுக்கே தெரியுது. அடுத்த தேர்வுக்குப் பணம் சேர்க்கணும், மூணு மாசம் ஆகும்னாங்க. அஞ்சாம் நம்பருக்கான பயிற்சியை நேத்தே ஆரம்பிச்சாச்சு.

படிச்சிட்டிருக்கிற உங்களுக்கும் இதுதான். இன்னிக்கு 20 நிமிஷம், ஒரு சின்னப் பத்தி, மூடி வெச்சிட்டு தமிழ்ல மூணு வாக்கியம். வேலையில யாராவது எழுதினது புரியலைன்னா, அது சீஃப் எழுதினதா இருந்தாலும் சரி, போய்க் கேட்டுடுங்க.

நானும் இப்பல்லாம் கேட்டுடறேன். பெரிய ஆஸ்பத்திரியில இருந்து வர்ற டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு வரி புரியலைன்னா போனைப் போட்டு, "சார், தாலுகா ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். நீங்க எழுதினதுல ஒரு வரி புரியல"ன்னு சொல்றேன். இதுவரைக்கும் யாரும் அடிக்கல.